துண்டுக்குள் மூன்று விரல்

அந்தக் கொட்டகையில் என்னோடு உட்கார்ந்து படித்தவர்களே, உங்களில் எத்தனை பேருக்கு வெள்ளிக்கிழமைச் சந்தை நினைவிருக்கிறதோ தெரியவில்லை. சிலர் எடப்பாடியில் தறி போட்டுவிட்டீர்கள். சிலர் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பினீர்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் அந்தப் பருவத்தை எழுத உட்கார்ந்தால் கிழவனைப் போல ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. களத்தில் நின்று நீங்கள் பார்த்தீர்கள். பார்த்ததையே இன்றும் சொல்லிச் சிரிக்கிறீர்கள். துண்டுக்கு உள்ளே நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நம் பள்ளிக்கூடம் பண்ணாடியின் பழைய மாட்டுக் கொட்டகை. ஊர் நிலத்தில் முக்கால்வாசி அவருடையது. அவரை எங்கள் தெருவில் யாரும் வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. என் அப்பா அவருடைய செம்மறிகளை மேய்த்தவர். என் அப்பாவின் அப்பாவும் அதே பட்டியில்தான் இருந்தார். கொட்டகையின் தரையை எத்தனை முறை மெழுகினாலும் மழைக்காலத்தில் பழைய சாணி வாடை மேலே வரும். குடியானவர் பிள்ளைகள் பலகைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் வாசல் பக்கம் தனி வரிசை. வெயில் எங்கள் முதுகில்தான் விழும்.

வாத்தியார் அம்மாபேட்டைக்காரர். நெசவுக் குடும்பம். மீசை சரியாக முளைக்காத வயது. அவருடைய தகப்பனார் நூல் கடையில் கணக்குப் புரியாமலே வருடக்கணக்கில் கைநாட்டு வைத்தவராம். அதை ஒருநாள் எங்களிடம் சொல்லிவிட்டு, "வாய்ப்பாடு ஒப்பிச்சா மட்டும் போதாதுடா. காசு எப்படி வருது, எப்படிப் போகுதுன்னு கைக்குத் தெரியணும்" என்றார். அதற்காக அவர் கண்டுபிடித்ததுதான் அந்தச் சந்தை.

வெள்ளிக்கிழமை மத்தியானச் சோற்றுக்குப் பிறகு சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கட்டம் கட்டமாகக் கோடு போடுவார். ஒரு கட்டம் உப்புக் கடை, ஒரு கட்டம் மண்ணெண்ணெய்க் கடை, ஒரு கட்டம் அரிசியும் கம்பும் விற்கும் தவசக் கடை. உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்த சில்லு ஒரு ரூபாய். புளியங்கொட்டை ஓர் அணா. கொட்டமுத்து, அதாவது ஆமணக்கு விதை, காலணா. எல்லோருக்கும் ஒரு சில்லு கூலி. அதில் அரிசி வாங்க வேண்டும், உப்பு வாங்க வேண்டும், வாத்தியாரிடம் கிஸ்து, அதாவது நிலவரி, கட்ட வேண்டும். மீந்ததை அவர் மேசைமேல் இருக்கும் மண் உண்டியலில் போட வேண்டும். போடும்போது புளியங்கொட்டை உள்ளே உருளும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்கவே நான் தவசக் கடையில் ஒன்றும் வாங்காமல் வந்துவிடுவேன். "ஏண்டா, பட்டினியா கெடக்கப் போறியா?" என்று வாத்தியார் கேட்பார். "ஊட்ல தின்னுக்குவனுங்க சார்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்த நேரத்தில் மட்டும் வாசல் வரிசை கலைந்துவிடும். கடையென்றால் யாரும் வரத்தானே வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை பொரி உருண்டைக் கட்டத்திலேயே எல்லாக் காசையும் விட்ட ஒருவனுக்குக் கிஸ்து கட்ட மிச்சமில்லை. வாத்தியார் எழுந்து போய் அவன் சிலேட்டைத் தூக்கினார். "கிஸ்து கட்டலை. உன் சிலேட்டு ஜப்தி" என்றார், சிரித்துக்கொண்டே. அவன் சிலேட்டின் சட்டத்தைப் பிடித்துத் தொங்கியபடி அலறினான். போன கோடையில் அவர்கள் வீட்டு அண்டாவைத் தண்டல்காரர்கள் தூக்கிப் போனதை ஊரே பார்த்திருந்தது. வாத்தியாருக்கு அது தெரியாது. அவர் முகம் வெளுத்துப் போயிற்று. இனி நம் சந்தையில் ஜப்தி கிடையாது என்று அங்கேயே சொல்லிவிட்டார். "அப்பறம் ஆருங்க சார் கிஸ்து கட்டுவாங்க?" என்று ஒரு குரல் பின்னாலிருந்து கேட்டது. அவர் சிலேட்டை அவன் மடியிலேயே திரும்ப வைத்தார்.

அவருடைய நல்ல மனத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் ஊரை அறியாமல் ஊரின் சந்தையைக் கொட்டகைக்குள் கொண்டுவந்தார். இப்போது அப்படித்தான் தோன்றுகிறது.

துண்டைக் கொண்டுவந்தது அவர் அல்ல. பண்ணாடியின் மகன். எங்கள் வயதுதான், ஆனால் நாங்கள் அவனைச் சின்னப் பண்ணாடி என்றுதான் கூப்பிட வேண்டும். மேச்சேரி ஆட்டுச் சந்தைக்குத் தகப்பனாரோடு போய்ப் பழகியவன். ஆடு விற்பதைப் பற்றிப் பேச்சு வந்தபோது எழுந்து நின்றான்.

"ஆட்டுக்கு வாயில வெலை பேசமாட்டாங்க சார். நாலு பேரு கேட்டுப்போடுவாங்கல்லொ? கை மேல துண்டப் போட்டு உள்ள வெரலப் புடிப்பாங்க. ஒரு வெரலுன்னா ஒரு ரூவா."

"பிடிக்கலைன்னா?"

"கைய உருவிக்கலாங்க. புடிச்ச வெரல விடாம இருந்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம். அப்பறம் அச்சாரம் குடுக்கோணும். அச்சாரம் வாங்கிட்டு வித்தவன் மாறுனா ரெட்டிப்பாத் திருப்போணும். வாங்கறவன் மாறுனா அச்சாரம் போச்சு. உள்ள பேசுனத வெளிய சொல்லப்படாது. எங்கய்யன் இத்தன வருசத்துல குடுத்த கைய ஒருக்காக்கூட மாத்துனதில்லீங்க."

வாத்தியார் மகிழ்ந்துபோய் அத்தனையையும் பலகையில் எழுதினார். "பாத்தீங்களாடா, பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. ரெண்டு கை, ஒரு சொல்லு. உள்ளே பெரியவன் சின்னவன் கிடையாது" என்றார். அந்த வார்த்தையை நான் அப்படியே நம்பினேன்.

அடுத்த சந்தையில் சின்னப் பண்ணாடி ஆடு விற்க உட்கார்ந்தான். "எங்கூட்டுச் சுட்டிக் குட்டி" என்றான். நெற்றியில் வெள்ளைப் புள்ளி விழுந்த பெட்டைக் குட்டி அது. பிறந்தபோது ஈரம் துடைத்தது நான். அதன் விலை என்னவென்று என்னைவிட யாருக்குத் தெரியும்? துண்டுக்குள் கை விட்டேன். அவன் என் கையில் ஐந்து விரலையும் பிடித்தான். நான் இரண்டைப் பிடித்தேன். அவன் நாலு. நான் மூன்றைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவன் கையும் நின்றது. உள்ளே இரண்டு கையும் வேர்த்துவிட்டது.

"முடிஞ்சுது. அச்சாரம் எடு" என்றான்.

கூலியில் மீந்ததை அதற்குள் உண்டியலில் போட்டுவிட்டிருந்தேன். என்னிடம் கொட்டமுத்தும் இல்லை. அந்த வாரம் எலி பாதியைத் தின்றுவிட்டிருந்தது. அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த காலணா இருந்தது. வரும்போது உப்பு வாங்கி வரச் சொல்லி அம்மா கொடுத்த நிஜமான செம்புக் காசு. அதை அவிழ்த்துக் கொடுத்தேன். அவனும் கண்ணில் ஒற்றி மடியில் கட்டிக்கொண்டான். வாத்தியார் மண்ணெண்ணெய்க் கடையில் ஒரு சண்டையைத் தீர்த்துக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை.

சாயங்காலம் அம்மா உப்பைக் கேட்டாள். அச்சாரம் கொடுத்துவிட்டேன் என்றேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அப்பா பட்டியை அடைத்துவிட்டு வந்தார். அம்மா சொன்னதை நின்றபடியே கேட்டார். தலையிலிருந்த துணியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். அடிக்கவில்லை.

"பண்ணாடி ஊட்டுக் குட்டிக்கு நீ அச்சாரம் குடுத்தியா?"

"சார்தான் துண்டுக்குள்ள பெரியவன் சின்னவன் இல்லைன்னாருங்கப்பா."

"நாளையிலிருந்து பள்ளிக்கூடம் வேண்டாம். ஆட்டுக்கு வா."

அவ்வளவுதான் சொன்னார். எங்கள் வம்சத்திலேயே சிலேட்டைத் தொட்டவன் நான் ஒருவன். என்னைச் சேர்க்கப் பண்ணாடியின் வாசலில் அப்பா எத்தனை நாள் நின்றாரோ. சிலேட்டைக் கூரைச் செத்தைக்குள் அவரே சொருகி வைத்தார்.

அதற்குள் சங்கதி கிணற்றடியைத் தாண்டிவிட்டது. சின்னப் பண்ணாடி வீட்டில் பெருமையாகக் காசைக் காட்டியிருக்கிறான். பண்ணாடியின் நிலத்தை ஒட்டிய பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் உண்டு. கிணற்றுத் தண்ணீர்ப் பங்கில் பண்ணாடியோடு நெடுநாள் பகை. வெளியே மாப்ளே, மச்சான் என்று உறவு கொண்டாடுவார். அவர் ஊர் முழுக்க ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டு திரிந்தாராம்: "குடுத்த கைய மாத்தாத ஊடாச்சே அது. குட்டி எப்போ தெருவுக்குப் போவுது?"

பண்ணாடியின் களத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. எனக்கும் அப்பாவுக்கும் வாத்தியாருக்கும்.

போகும் வழியெல்லாம் அப்பா ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். "வேண்டாமுங்க சாமி, விட்டுட்டனுங்கன்னு சொல்லிப்போடு. காசு போனாப் போவுது. வேற ஒரு வார்த்த வரப்படாது." சொல்லும்போது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். வலித்தது.

களத்தில் சோளத்தட்டுப் போர் ஓரம் பண்ணாடி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஊர் சுற்றி நின்றது. நீங்களும்தான் நின்றீர்கள். நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்றோம். வாத்தியார் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

"ஏண்டா, காசு வாங்குனது நெசந்தானா?" என்று பண்ணாடி மகனைக் கேட்டார்.

"ஆமாங்கய்யா."

வாத்தியார் முன்னால் வந்தார். "ஐயா, இது பாடம். விளையாட்டுதாங்க. குழந்தைங்க கணக்குப் படிக்கிறதுக்காக..."

"சில்லுலயும் கொட்டமுத்துலயும் அச்சாரம் வாங்கியிருந்தா நானும் சிரிச்சுப்போட்டுப் போயிருப்பேன் வாத்தியாரே. இது செம்பு."

பக்கத்துக் காட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "அப்பறமென்ன மாப்ளே, முடிஞ்ச வெலைக்குப் புடிச்சுக் குடுத்துப்போடு. பையங்கிட்டக் காசில்லீன்னா நான் தாரேன். உனக்கு மனசில்லியா, அச்சாரத்த ரெட்டிப்பா எண்ணி அவங் கையில வெச்சிரு. மொறைன்னு ஒண்ணு இருக்குதல்லொ?"

சிலர் சிரித்தார்கள். பண்ணாடி சிரிக்கவில்லை. குட்டியைக் கொடுத்தால் அது பகையாளியின் காசில் எங்கள் தெருவுக்குப் போகும். ரெட்டிப்பை எண்ணி வைத்தால், கை மாறியவர் என்று மேச்சேரி வரைக்கும் பேச்சாகும். நான் விட்டுவிட்டால் மட்டுமே எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது. அப்பாவின் விரல் என் முதுகைக் குத்தியது. வாயைத் திறந்தேன்.

"சித்தெ இரு" என்றார் பண்ணாடி. "நீ வாயில ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். உங்கப்பன் சொல்லிக் குடுத்ததச் சொல்லுவே. பேசுனது கையில. கையிலயே கேக்கறேன். கிட்ட வா."

யாரும் அசையவில்லை. என்னை முன்னால் தள்ள அப்பாவுக்குத் துணிவில்லை, பின்னால் இழுக்கவும் துணிவில்லை. நானாகவே நடந்தேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறித் தன் வலக்கைமேல் போட்டார். எங்கள் தெருக்காரன் ஒருவனின் கையை அவர் தொட்டு யாரும் பார்த்ததில்லை. பின்னாலிருந்து "அட" என்று ஒரு கிழவர் சொன்னது கேட்டது.

துண்டில் வேர்வையும் விளக்கெண்ணெயும் மணத்தன. உள்ளே அவர் கை சூடாக, மாடோட்டும் தார்க்குச்சியும் கயிறும் பிடித்துக் காய்த்துப் போயிருந்தது. அது என் அப்பாவின் கையைப் போலவே இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

உருவிக்கொண்டால் விட்டேன் என்று அர்த்தம். உருவத்தான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் துண்டின் இருட்டில் என் கை வேறு கணக்கில் இருந்தது. மூன்று விரலைத் தேடிப் பிடித்தது. பிடித்து நின்றது.

பண்ணாடி என் முகத்தைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கட்டிலின் கால் லேசாகக் கிறீச்சிட்டது. அவர் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அவருடைய கட்டைவிரல் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. மெதுவாக, ஆட்டுக் காலில் குத்திய முள்ளை எடுப்பது போல, வலிக்காமல் பிரித்தது. நான் மறுபடி பிடித்தேன். மறுபடி பிரித்தார். என் கையை மூடி, துண்டுக்கு வெளியே தள்ளினார்.

"உட்டுட்டான்" என்றார் உரக்க. "பையனுக்குக் குட்டி வேண்டாமாமா."

களம் முழுக்க மூச்சு விட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அப்பா தரையில் விழுந்து கும்பிட்டார். வாத்தியார் என் தலையைத் தடவி, "நல்ல புத்திடா உனக்கு. எப்போ விடணும்னு தெரிஞ்சவன்தான் வியாபாரி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். உள்ளே பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்று பலகையில் எழுதியவர் அவர்தானே.

அன்றோடு சந்தை நின்றது. கோடு போட்ட தரையை மெழுகிவிட்டார்களாம். உண்டியல் என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

ஆனால் என் படிப்பு திரும்பவில்லை. "சாமி பெரிய மனசு பண்ணி உட்டாங்க. இனி அந்தப் பக்கம் தல வெச்சுப் படுக்காத" என்றார் அப்பா. காலையில் நீங்கள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் வேலாங்காடு வரை கேட்கும். நான் ஆடுகளோடு நிற்பேன். எட்டாம் வாய்ப்பாட்டில் எப்போதும் தப்பு விடுகிறவன் தப்பு விடுவது அங்கிருந்தே தெரியும். திருத்த வாய் வரும். சுட்டிக் குட்டி காலடியில் முட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு நாள் பொழுது சாயும் முன் சின்னப் பண்ணாடி தனியாக வந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். மடியை அவிழ்த்து இரண்டு காலணாவை என் கையில் வைத்தான்.

"எங்கய்யன் குடுக்கச் சொன்னாரு. ஆருகிட்டயும் சொல்லப்படாதாம்."

நான் காசையே பார்த்தேன்.

"ஏண்டா, நீதான உட்டே? உட்டவனுக்கு அச்சாரம் போச்சுன்னுதான மொறை? எதுக்குடா ரெட்டிப்பாக் குடுக்கறாரு? கேட்டா மொறைக்கறாரு."

"எனக்கென்ன தெரியும்" என்றேன்.

"நீ ஒரு கல்லுளிமங்கன்டா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பாதி தூரம் போய்த் திரும்பி, "எட்டாம் வாய்ப்பாடு இப்போ அல்லாருஞ் சரியாச் சொல்றோம்" என்று கத்தினான். அது பொய். எனக்குக் கேட்டுக்கொண்டுதானே இருந்தது.

பட்டி அடைத்த பிறகு அப்பாவிடம் காசை நீட்டினேன். எங்கே எடுத்தாய் என்று கேட்டுக் கையை ஓங்கினார். யார் கொடுத்தது என்று சொன்னேன். ஓங்கிய கை இறங்கியது. இரண்டு காசையும் வாங்கி உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். படிக்கத் தெரியாதவர், எழுத்துக் கூட்டுகிறவரைப் போல வெகுநேரம் பார்த்தார்.

"நீ உடலியா?"

"இல்லீங்கப்பா."

"எத்தன வெரலு?"

"மூணு."

பட்டிப் படலில் சாய்ந்து உட்கார்ந்தார். ஆடுகள் உள்ளே ஒன்றையொன்று நெருக்கிப் படுத்துக்கொண்டிருந்தன. "அவுரு கையில? பண்ணாடி கையில?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் தலைத்துணியை எடுத்துத் தன் கைமேல் போட்டுக்கொண்டார்.

"எப்படிப் புடிச்சே? காட்டு."

துணிக்குள் கை விட்டு அவருடைய மூன்று விரலைப் பிடித்தேன். அவர் பிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"எத்தன வருசமா அந்தச் சந்தைக்கு ஆடு ஓட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். "ஒருத்தனும் எங் கையத் துண்டுக்குள்ள வாங்குனதில்ல."

பிறகு எழுந்து கூரைச் செத்தைக்குள் கையை விட்டுச் சிலேட்டை எடுத்தார். ஒட்டடையைத் தன் வேட்டியில் துடைத்தார்.

"நாளைக்கு ஆட்டுக்கு நான் போய்க்கறேன். நீ நேரத்துல எந்திரிச்சுப் பள்ளிக்கூடம் போ."